அங்கியைத் தூக்கிப் பிடித்தவர்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, யாகப்பரின் தொடையில் ஒரு புண் இருப்பதை ஜூலியா கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் ஐந்தாம் கிராஸ் தெருவில் யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை.

யாகப்பர் என்றால் காக்ஸ் டவுனுக்குப் பின்னால், ஐந்தாம் கிராஸ் முனையில் இருக்கும் கெபியின், அந்தச் சின்னக் குகைக் கோயிலின், யாகப்பர். மூன்றடி உயரத் தேக்குமரச் சுரூபம். பிளேக் காலத்தில் வைத்தது என்று சொல்வார்கள். தலையில் அகலத் தொப்பி, வலது கையில் கோல், தோளில் இரண்டு சிப்பிகள். இடது கையால் அங்கியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருப்பார். ஏன் தூக்கியிருக்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வெகுதூரம் நடந்த அப்போஸ்தலர், அங்கி காலைத் தடுக்கிவிடக் கூடாதே என்பார்கள் பக்தி உள்ளவர்கள். ஜூலை மாத மழையில் எங்கள் ரோட்டில் நடக்கிறவர் வேறு எப்படித்தான் நடப்பார் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு கட்சியும் வருஷா வருஷம் ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சேர்ந்து அவரைத் தேரில் ஏற்றி இழுக்கும்.

இந்த வருஷம் அவருக்குப் புது வர்ணம் அடிப்பது என்று விழாக் கமிட்டி முடிவு செய்து, வேலையை ஜூலியாவிடம் கொடுத்திருந்தது. ஜூலியாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஹெப்பகோடியில் துணிக்கடைப் பொம்மைகள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் ஸ்ப்ரே பெயிண்டர். நாள் முழுக்க முகமில்லாத பொம்மைகளுக்குத் தோல் நிறம் அடித்துவிட்டு வருகிறவளுக்கு, முகமுள்ள ஒருவர் கையில் கிடைத்தது கொள்ளை சந்தோஷம். நான்கு நாள் லீவு போட்டுவிட்டாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்குப் புனிதர் படங்கள் என்றால் பைத்தியம். பூசைப் புத்தகத்தில் வைக்கிற சின்னச் சின்னப் படங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தாள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும் சொல்லிவிடுவாள். சாவி இருந்தால் இராயப்பர், உடம்பில் அம்பு இருந்தால் செபஸ்தியார், தட்டில் இரண்டு கண் இருந்தால் லூசியம்மாள். அவர்கள் பட்ட பாடுதான் அவர்கள் கையில் இருக்கிறது, அதைப் பார்த்தால் ஆளைத் தெரியாதா என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவள் இந்த யாகப்பரை மட்டும் பிறந்ததிலிருந்து பார்த்தும் சந்தேகப்பட்டதே இல்லை. அதை நினைத்துத்தான் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

தேர் நிறுத்தும் ஷெட்டில் சுரூபத்தைப் படுக்கவைத்து, பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எட்டு கோட் இருந்தது. பச்சைக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் நீலம். தூக்கிப் பிடித்த அங்கிக்குக் கீழே ஸ்கிரேப்பர் பட்டதும், உள்ளங்கை அகலத்துக்கு வெடிப்பு அடைக்கிற மக்குப் பத்தை ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. எவனோ ஒரு புண்ணியவான் மரம் உடைந்திருக்கிறது என்று நினைத்து மக்கு வைத்து மூடியிருந்தான். ஆனால் உள்ளே உடைசல் இல்லை. அங்கி அந்த இடத்தில் திறந்திருப்பது மாதிரியே செதுக்கப்பட்டிருந்தது. திறப்புக்குள் வெறும் தொடை. தொடையில், செதுக்கியவன் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு புண். அதன் சிவப்பு இன்னும் மங்கவில்லை.

ஜூலியா ஸ்கிரேப்பரைக் கீழே வைத்தாள். அங்கியைத் தூக்கிப் பிடித்தது நடப்பதற்காக இல்லை. புண்ணைக் காட்டுவதற்காக.

அவளிடம் இருந்த படங்களில் அப்படிப் புண்ணைக் காட்டுகிறவர் பக்கத்தில் ஒரு நாய் இருக்கும். அவள் எழுந்து பீடத்தைப் பார்த்தாள். வலது பக்கம் ஒரு மேடு, சிமெண்ட் பூசியிருந்தது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினாள். கால்மணி நேரத்தில் சிமெண்ட் பெயர்ந்தது. அடியில் நாலு சின்னப் பாதங்கள். மரத்தில் செதுக்கிய, நகம் உள்ள நாய்ப் பாதங்கள். கணுக்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை, உடைந்து போயிருந்தது. ஜூலியா ஷெட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓடினாள். இவர் யாகப்பர் இல்லை. இவர் ஆரோக்கியநாதர்.

அந்த ஓட்டத்தில்தான் ஓஸ்வால்ட் உள்ளே வந்தார். டெலிபோன் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், பதினெட்டு வருஷமாகக் கமிட்டித் தலைவர், தேரின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குப் பழக்கம். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர், சுரூபத்தின் தொடையைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. நீதான் காலை வெட்டிவிட்டாயா என்று கேட்டார். ஜூலியா மூச்சு விடாமல் விளக்கினாள். தொப்பியும் கோலும் சிப்பியும் யாகப்பருக்கு மட்டும் சொந்தமில்லை, யாத்திரை போகிற எல்லோருக்கும் உரியது, ஆரோக்கியநாதரும் யாத்திரை போனவர், புண்ணும் நாயும்தான் அவருடைய அடையாளம் என்று சொல்லச் சொல்ல, அவர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"லுக் ஜூலியா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தக் காலை மூடிடு. பச்சைப் பெயிண்ட் அடிச்சு யாகப்பரா குடு. இல்லன்னா அத்திபெலேல இருந்து வேற ஆளைக் கூட்டிட்டு வந்து நானே மூடிப்பேன். அப்புறம் இங்கேருந்து ஆனேக்கல் வரைக்கும் ஒரு சர்ச்சுலயும் நீ பிரஷைத் தொட முடியாது."

சொன்னதைச் செய்கிற மனிதர். பொம்மைக் கம்பெனியை விட்டுவிட்டு சுரூப வேலையே முழு வேலையாகப் பார்க்க வேண்டும் என்பது ஜூலியாவின் நீண்ட நாள் ஆசை. அதற்கு இதுதான் முதல் படி. புனிதரின் காலை வெட்டியவள் என்று பெயர் வந்துவிட்டால் அதோடு முடிந்தது. ஒரு கரண்டி மக்கு வைத்துத் தேய்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு அவளுக்குக் கை வரவில்லை.

பங்குத்தந்தை க்ளெனுக்குப் போன் போட்டாள். இளவயதுக்காரர், உடனே ஸ்கூட்டரில் வந்தார். குனிந்து பார்த்தார், பாதங்களைத் தடவினார், அவருக்கும் கண் விரிந்தது. ஆனாலும் ஊரையும் கமிட்டியையும் பகைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. புண் வெறும் உடைசல் என்பார்கள், பாதம் ஏதோ பூனை என்பார்கள், கையில் நறுக்கென்று ஓர் ஆதாரம் இருந்தால் ஓஸ்வால்டிடம் நானே பேசுகிறேன் என்றார். நாளைச் சாயங்காலம் வரைக்கும் நேரம் என்றார் அவரும்.

நறுக்கென்ற ஆதாரம் என்றால் நாய்தான். நாய் எங்கே?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜூலியா வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். மரத்தில் செய்த நாய் ஒன்று, பாதம் இருக்காது, உங்கள் பரணில் எங்கேயாவது கிடக்கிறதா என்று கேட்டாள். முதல் வீட்டில் என்ன ஜாதி நாய், என்றைக்குக் காணோம் என்று விசாரித்தார்கள். மூன்றாவது வீட்டில் டோரீன் டீச்சர், பாவம் அடிபட்டுவிட்டதா என்று கண் கலங்கினார். எட்டாவது வீட்டில், தெருநாய் பிடிக்கிற வண்டி நேற்றுதான் வந்தது, போய்க் கேட்டுப்பார் என்று வழி சொன்னார்கள். ஜூலியாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பத்து மணிக்குள் இருபத்திரண்டு வீடு முடிந்தது. நாய் இல்லை.

தெருக்கோடியில் கடைசி வீடு முத்தம்மாவுடையது. ஐம்பது வயசுக்காரி, ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. புருஷன் அசோகன் எலெக்ட்ரீஷியன். கிறிஸ்தவர்கள் இல்லை. முன்பு சாமி கும்பிட்டவர்கள், இருபது வருஷத்துக்கு முன்னால் பௌத்தத்துக்கு மாறினார்கள். அங்கே போய் என்ன கேட்பது என்று ஜூலியா முதலில் தயங்கினாள். பிறகு இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கேட்டுவிடுவோம் என்று கதவைத் தட்டினாள்.

முத்தம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது.

"இன்னாத்துக்குக் கேக்கறே?" என்றாள்.

அந்தக் குரலிலேயே ஜூலியாவுக்குத் தெரிந்துவிட்டது. முத்தம்மாவின் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரில் புத்தர் படம், பக்கத்தில் அம்பேத்கர் படம். கீழே டிவி ஸ்டாண்டு. ஸ்டாண்டின் மூலையில் ஒரு எவர்சில்வர் குண்டான் நிறைய அரிசி. அரிசிக்குள் கால் புதைய, காதை உயர்த்திக்கொண்டு, ஒரு முழ உயரத்துக்கு ஒரு நாய் நின்றிருந்தது.

முத்தம்மாவே சொன்னாள். அவள் பிறப்பதற்கும் முன்னால், இப்போது தெருவில் இருக்கிற யாருக்கும் நினைவில்லாத ஒரு பெரிய மழைக்காற்றில் கெபி மேல் மரம் விழுந்ததாம். அப்போது இடிபாட்டைக் கூட்டி அள்ளப் போனவர் அவளுடைய மாமியார். குப்பையில் நாய் கிடந்தது, யாருடையது என்று நாலு பேரைக் கேட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நிற்காது என்பதால் அரிசியில் நட்டு வைத்தார். மதம் மாறினபோது அசோகன் சாமிப் படங்களையெல்லாம் இறக்கினான். நாயை மட்டும் இறக்கவில்லை. நாய் சாமி இல்லையே, அது நம் வீட்டு நாய் என்று சொல்லிவிட்டான். அதன் வாயில் உருண்டையாக ஒன்று இருக்கிறது, அசோகன் அதைப் பந்து என்பான், அவள் எலும்பு என்பாள், முப்பது வருஷமாக அந்தச் சண்டை தீரவில்லை.

"அது ரொட்டி, அக்கா" என்றாள் ஜூலியா.

பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து கதையைச் சொன்னாள். ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு யாத்திரை கிளம்பினார். போன ஊரெல்லாம் கொள்ளைநோய். சொந்தக்காரர்களே தொடப் பயந்தவர்களை இவர் தொட்டுத் துடைத்துக் கவனித்தார். கடைசியில் இவருக்கும் வந்துவிட்டது. தொடையில் கட்டி கிளம்பிப் புண்ணானது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று, சாவதற்காகக் காட்டுக்குள் போய்த் தனியாகப் படுத்துக்கொண்டார். அப்போது ஒரு நாய் வந்தது. தினமும் ஒரு ரொட்டியைக் கவ்விக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டது, புண்ணை நக்கியது. அவர் பிழைத்தார்.

முத்தம்மா வேலைக்குப் போவதையே மறந்துவிட்டாள். கதை முடிந்ததும், அந்த நாய் யாருடையது என்று கேட்டாள். பக்கத்து ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் வீட்டு நாய், சாப்பாட்டு மேஜையிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு தினமும் போய்விட்டு வரும் என்றாள் ஜூலியா. முத்தம்மா ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நாயை அரிசியிலிருந்து தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டாள். ஜூலியா கையை நீட்டினாள். முத்தம்மா கொடுக்கவில்லை, தானே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஷெட்டுக்கு ஃபாதர் க்ளெனும் வந்தார், ஓஸ்வால்டும் வந்தார். செய்தி பரவி, வாசலில் தெருவே நின்றது. சுரூபத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். முத்தம்மா குந்தி உட்கார்ந்து, நாயின் முன்னங்கால்களை அந்தப் பாதங்களின் மேல் வைத்தாள். மரத்தின் ரேகையோடு ரேகை போய்ச் சேர்ந்தது. பின்னங்கால்களில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது, இன்னொன்றுக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு அரிசி அளவு இடைவெளி. அவ்வளவுதான். நாய் தலையை உயர்த்தி, ரொட்டியோடு, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. தலை குனிந்திருந்த அந்த மனிதர் இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கிற்று.

வாசலில் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஜூலியாவுக்கு ஜெயித்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால், ஓஸ்வால்ட் தேர்ச்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என் பையன் ரயானுக்கு அப்போ ஆறு வயசு," என்றார் யாரையும் பார்க்காமல். "மூளைக் காய்ச்சல். டாக்டர் கையை விரிச்சுட்டார். நான் மூணு நாள் இவர் முன்னாடி முட்டி போட்டேன். யாகப்பரே யாகப்பரேன்னு கத்தினேன். பையன் எழுந்து உக்காந்தான். இப்ப யாகப்பர் இல்லன்றீங்க. அப்ப நான் யாரைக் கூப்பிட்டேன்? யார் கேட்டாங்க?"

ஜூலியாவின் சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது. தான் மக்கைத்தான் சுரண்டினோம் என்று நினைத்திருந்தாள். இந்த மனிதரின் நெஞ்சையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மீதிக் கதையைக் கேளுங்க அங்கிள்," என்றாள். "புண்ணு ஆறினதும் அவர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போனார். ஆளே மாறிப் போயிருந்தார், யாருக்கும் அடையாளம் தெரியல. உளவு பார்க்க வந்தவன்னு பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. போட்டது யார் தெரியுமா, அவரோட சொந்த மாமா. அஞ்சு வருஷம் அங்கிள். நான் இன்னார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளிய வந்திருக்கலாம். சொல்லல. அங்கேயே செத்துப் போனார். செத்ததுக்கு அப்புறம் மார்ல இருந்த மச்சத்தைப் பார்த்துதான் யாருன்னே தெரிஞ்சுது. தன் பேரைச் சொல்லாமலே செத்தவர், நீங்க வேற பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு திரும்பிக்குவாரா? அவர்தான் கேட்டார். அவரேதான்."

ஓஸ்வால்ட் நிமிர்ந்து அந்தப் புண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து, கர்ச்சீஃபால் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, அந்த நிமிஷத்திலேயே பழைய கமிட்டித் தலைவர் ஆகிவிட்டார். என்ன பசை வைத்திருக்கிறாய், அந்த எபாக்ஸியைக் கலக்கு, நூறு வருஷத்துக்கு அசையாத மாதிரி நாயை ஒட்டு என்று உத்தரவு போட்டார். ஜூலியா டப்பாவைத் திறந்தாள்.

முத்தம்மா நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒட்டறதுன்னா குடுக்க மாட்டேன்," என்றாள்.

ஓஸ்வால்ட் இது கெபியின் சொத்து என்று ஆரம்பித்தார். முத்தம்மா அவரைப் பார்க்கவில்லை, ஜூலியாவைத்தான் பார்த்தாள்.

"நீதானேம்மா சொன்னே. நாய் அவுருது இல்ல, இன்னொரு வூட்டு நாய். ரொட்டிய எடுத்துனு போயி குடுத்துட்டு, திரும்பி அந்த வூட்டுக்கே வந்துச்சுன்னு. எங்க வூட்டு நாய்தான் அது. திருநாளைக்குப் போவும், ரொட்டி குடுக்கும், வூட்டுக்கு வந்துரும்."

முதலில் சிரித்தவர் ஃபாதர் க்ளென். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பிறகு வாசல் முழுக்கச் சிரித்தது. ஓஸ்வால்ட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முத்தம்மாவை முறைத்தார். கடைசியில், பித்தளை ஆணி வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்ய முடியுமா என்று ஜூலியாவிடம் கேட்டார். முடியும் என்றாள் ஜூலியா. மீதிப் பேச்செல்லாம் அந்த வாசலிலேயே முடிந்தது. ஆரோக்கியநாதரின் உண்மையான திருநாள் ஆகஸ்டு பதினாறு என்று ஃபாதர் சொன்னார். தேருக்கு எல்லா ஏற்பாடும் செய்தாயிற்று, அதனால் ஞாயிற்றுக்கிழமைத் தேரும் ஓடட்டும், ஆகஸ்டிலும் ஒரு முறை ஓடட்டும் என்று தெரு முடிவு செய்தது. இரண்டு திருநாளா என்று கேட்டு எதிர்க்க ஒருவர் கூட இல்லை.

ஜூலியா அந்த இரண்டு நாளும் பிரஷைக் கீழே வைக்கவில்லை. அங்கிக்குப் பச்சை அடிக்காமல், அடியில் கண்ட பழைய காவியையே கொடுத்தாள். புண்ணைத் தொடவே இல்லை. அந்தச் சிவப்பை அப்படியே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. தேர் கிளம்புமுன் பேண்டு வாத்தியம் தெருக்கோடிக்குப் போயிற்று. முன்னால் ஓஸ்வால்ட் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார். முத்தம்மா வீட்டு வாசலில் நின்று, நாயை அனுப்பி வையுங்கள் என்று கேட்டார். கேட்டது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டார். அசோகன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு குடை பிடித்தான், முத்தம்மா நாயைச் சுமந்து வந்தாள். ஜூலியா அதைப் பித்தளை ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். தேர் அசைந்தது.

மன்றாட்டு மாலை சொல்வது எப்போதும் ஓஸ்வால்ட்தான். மைக்கைப் பிடித்து ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், ஜனங்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இராயப்பர் முடிந்தது, சின்னப்பர் முடிந்தது. யாகப்பரையும் கூப்பிட்டார். அவரை விட்டுவிட முடியுமா. அடுத்ததற்கு வாயெடுத்தவர் நின்றுவிட்டார். ஸ்பீக்கரில் மழைத்தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஜூலியா தேர்வடத்தைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெயரை மன்றாட்டில் இந்தத் தெரு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"புனித ஆரோக்கியநாதரே" என்றார் ஓஸ்வால்ட்.

தெரு முழுவதும், மாடியில் நின்றவர்கள், குடைக்குள் நின்றவர்கள், பேக்கரி வாசலில் டீ குடித்தவர்கள், முத்தம்மா, அசோகன் எல்லோரும் சேர்ந்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொன்னார்கள். ஜூலியா அழுதுகொண்டே கத்தினாள். ஒரு பெயரை ஒரு முறை சொன்னால் போதும் என்பதுதான் முறை. ஓஸ்வால்ட் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் ஐந்தாம் கிராஸ் பதில் சொன்னது.